உடனிருக்கும் பெண்

நாற்காலிக்குப் போட்டிருந்த பாலித்தீன் உறையை அந்த ஆபீஸ்காரர்கள் பிரிக்காமலே வைத்திருந்தார்கள். கோகிலம் உட்கார்ந்ததும் அது நெறுநெறுவென்று சத்தம் போட்டது, பிறகு தொடைக்கடியில் புடவையைப் பிடித்துக்கொண்டு ஒட்டியது. இதற்கு முன்னால் இதில் யார் யார் வந்து உட்கார்ந்து வேர்த்துவிட்டுப் போனார்களோ, துடைத்திருப்பார்களா, எங்கே துடைத்திருக்கப் போகிறார்கள். கைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து நாற்காலியின் கைப்பிடியைத் துடைத்தாள், துடைத்ததை எங்கே வைப்பது என்று தெரியாமல் விரல் நுனியில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கீழே இனிப்புக்கடை. வனஸ்பதியில் ஏதோ பொரிகிற வாடை மாடிப்படி வழியாக ஏறி வந்தது, இங்கே சுவரில் மாட்டியிருந்த டப்பா அவ்வப்போது புஸ்ஸென்று துப்புகிற மல்லிகை சென்ட்டோடு கலந்தது, இழவு வீட்டில் உட்கார்ந்து ஜிலேபி தின்கிற மாதிரி ஒரு நாற்றமாகி அறைக்குள்ளேயே நின்றது. நாற்றம் என்றால் கோகிலத்துக்குத் தெரியும். அறுபத்தெட்டு வயதில் கண் மங்கிவிட்டது, ஒரு காது அடைத்துவிட்டது, பல் பாதி சொந்தம் இல்லை, மூக்கு மட்டும் கிழடு தட்டுவேனா என்கிறது. முதலில் அது செத்துத் தொலைந்திருக்கக் கூடாதா. மேஜைக்கு எதிரில் இருந்த பெண், ஹரிணி என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தது, கம்ப்யூட்டரில் எதையோ தட்டிக்கொண்டே ரெண்டு நிமிசம் மேடம் என்றாள். எடுத்துக்கொள், இரண்டு நிமிடத்தில் என்ன குடிமுழுகிப் போகிறது, தன்னை எரிக்கத் தானே பணம் கட்ட வந்தவளுக்கு அவசரம் என்ன.

அந்தக் கீழ்வீட்டு மனிதர் ஒழுங்காக ஆஸ்பத்திரிக்குப் போய்ச் செத்திருந்தால் அவள் இந்தப் படியை ஏறியிருக்கவே மாட்டாள். இரண்டாம் மாடியில் அவர், மூன்றாம் மாடியில் இவள், அதற்கு மேலே மொட்டைமாடி. லிஃப்டில் பார்த்தால் கும்பிடுவார். காதில் முடி வளர்ந்திருக்கும். அதைப் பார்க்கக் கூடாதென்று இவள் பொத்தான்களைப் பார்த்துக்கொண்டு நிற்பாள், அவ்வளவுதான் பழக்கம். போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் குளியலறை ஜன்னல் வழியாக அது லேசாக வந்தது. காவலாளியைக் கூப்பிட்டு, எங்கேயோ எலி செத்துக் கிடக்கிறது, குழாய்ச் சந்தில் பார் என்றாள். சனிக்கிழமை மறுபடி கூப்பிட்டுச் சத்தம் போட்டாள், சம்பளம் எதற்கு வாங்குகிறாய் என்று கேட்டாள். ஜன்னலைச் சாத்தினாள், ஊதுபத்தி கொளுத்தினாள், சாம்பிராணி போட்டாள். அந்த வாடையோடுதான் ரசம் வைத்தாள், அப்பளம் பொரித்தாள், சாப்பிட்டுவிட்டு டிவி பார்த்தாள், இரண்டு ராத்திரி தூங்கவும் தூங்கினாள். ஞாயிற்றுக்கிழமை கதவை உடைத்தார்கள். மூன்று நாளாக அந்த மனிதரைத்தான் மூச்சில் இழுத்து இழுத்து விட்டிருக்கிறோம் என்று தெரிந்தபோது வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு நின்றாள், ஒன்றும் வரவில்லை, வந்திருந்தால் தேவலை. தலைக்கு இரண்டு தரம் குளித்தாள். பாவம் என்று தோன்றியிருக்க வேண்டும். எல்லோரும் பாவம் பாவம் என்றார்கள், இவள் வாயும் சொன்னது. உள்ளே இருந்தது அருவருப்பு, வெறும் அருவருப்பு. அந்த ஈரத்தலையோடு உட்கார்ந்திருந்தபோதுதான் அது உறைத்தது. நாற்றம் மேலேதான் ஏறும். அவருக்கு மேலே இவள் இருந்தாள், மூக்கைச் சுளித்துக்கொண்டாவது ஒருத்தி இருந்தாள். இவளுக்கு மேலே யார் இருக்கிறார்கள்? தண்ணீர்த் தொட்டிதான் இருக்கிறது. மறுநாளே செய்தித்தாளில் பார்த்த, இறுதிக் காரியம் செய்துதரும் இந்தக் கம்பெனியின் எண்ணைக் கூப்பிட்டுவிட்டாள்.

ஹரிணி வழவழப்பான புத்தகம் ஒன்றைத் திருப்பி அவள் பக்கமாக வைத்தாள். அட்டையில் ஒரு கிழவனும் கிழவியும் பல் தெரியச் சிரித்தார்கள், ஊட்டிக்கு டிக்கெட் கிடைத்த சந்தோஷம் அவர்கள் முகத்தில். உள்ளே மூன்று திட்டங்கள், மூன்றாவதற்குப் பூரணம் என்று பெயர், அதில் எல்லாமே வந்துவிடும் என்று அந்தப் பெண் ஒவ்வொன்றாக நகம் வைத்துக் காட்டினாள். நகத்துச் சாயம் பாதி உரிந்திருந்தது, இடுக்கில் என்னவோ மஞ்சளாக இருந்தது, காலையில் சாப்பிட்டதாக இருக்கும். கண்ணாடிப் பெட்டி. பூப்போட்ட வண்டி. எரிவாயு மயானத்து வேலைகள். மறுநாள் சாம்பலை பவானி கூடுதுறைக்கு எடுத்துப்போய்க் கரைத்து, கரைப்பதை வீடியோ எடுத்து அனுப்புவது. யாருக்கு அனுப்புவீர்கள் என்று கோகிலம் கேட்டாள். ஹரிணி ஒரு விநாடி முழித்துவிட்டு, நீங்கள் சொல்கிற நம்பருக்கு என்றாள். பிணம் என்ற வார்த்தையே அந்தப் பெண்ணின் வாயில் வரவில்லை. பெரியவங்களை எடுத்துவந்து, பெரியவங்களைப் பெட்டியில் வைத்து, பெரியவங்களுக்கு மாலை போட்டு என்று பெரியவங்களைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்திருக்கிற இவளும் பெரியவங்கதான், அந்தப் பெட்டியில் கிடக்கப் போகிறதும் பெரியவங்கதான், எந்த இடத்தில் ஒன்று இன்னொன்றாக மாறுகிறது என்று அந்தப் பெண்ணைக் கேட்டால் அதற்கும் ஒரு நம்பர் கொடுப்பாள். பெரியவங்களுக்கு எந்தக் கலர் புடவை பிடிக்கும் என்று கேட்டபோது கோகிலத்துக்கு வந்த ஆத்திரத்தில், ஊதா என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தாள். ஊதா அவளுக்கு ஆகவே ஆகாது.

படிக்காமல் கையெழுத்துப் போடுகிற ஆள் அவள் இல்லை. பத்திரப் பதிவு ஆபீஸில் முப்பத்திநாலு வருஷம், எழுத்தராகச் சேர்ந்து தலைமை எழுத்தராக வெளியே வந்தவள், அடுத்தவர்கள் படிக்காமல் வைத்த பெருவிரல்களைப் பிடித்துப் பிடித்து மை ஒற்றியவள். எத்தனை விரல்கள். மண் ஏறினது, நகம் சொத்தையானது, வெற்றிலைக்காவி பிடித்தது, எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டிவிட்டு அப்படியே நீட்டுகிறது. படுத்த படுக்கையாகக் கிடக்கிறவர்களிடம் உயில் எழுதி வாங்க வீட்டுக்கே போக வேண்டியிருக்கும். அன்னூர் ரோட்டில் ஒரு வீடு, மூத்திர வாடையில் கண் கரித்தது, மகன் அப்பாவின் கையைக் கொண்டுவந்து நீட்டினான், விரல் சில்லென்று இருந்தது, அதைப் பிடித்து உருட்டும்போது அந்தக் கிழவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். என் விரலை என்ன செய்கிறாய் என்பதுபோல ஒரு பார்வை. அவள் ரேகை சரியாக விழவில்லை என்று இன்னொரு தரம் உருட்டினாள், வெளியே வந்து வாசல் குழாயில் முழங்கை வரைக்கும் கழுவினாள். அதனால் படிப்பாள். இந்தப் பாரத்தையும் முதல் வரியிலிருந்து படித்தாள், வாய்க்கரிசி என்ற இடம் வந்ததும் பேனாவால் தட்டினாள். இது வேண்டாம். ஹரிணிக்குப் புரியவில்லை, அது சேர்ந்ததுதான் மேடம், தனியாகக் கட்டணம் இல்லை என்றாள். இலவசமாகப் போட்டாலும் வேண்டாம். அவள் கணவர் தண்டபாணி போனபோது பார்த்தாளே, வரிசையில் வந்து நின்று ஒவ்வொருத்தரும் கையில் அரிசியை அள்ளி, அவர் வாயில். ஒருத்தர் வழியெல்லாம் பல்லைக் குத்திக்கொண்டே வந்தார், அதே விரல். ஒருத்தி பேரனுக்கு மூக்கைச் சிந்திவிட்டு முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள், அதே கை. தினமும் சாப்பிடும் முன்னால் தட்டை வெந்நீரில் அலசிக் கொடுக்கச் சொல்லும் மனிதர். அரிசி உதட்டில் ஒட்டிக்கொண்டு, கன்னத்தில் வழிந்து, கழுத்து மாலைக்குள் போய் விழுந்தது. அவள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள், துடைத்துவிட்டிருக்கலாம். அழுகிற பெண்டாட்டி அதையெல்லாம் செய்யக் கூடாதாம். என் வாயில் யாரும் ஒன்றும் போடக் கூடாது, அடித்துவிடு என்றாள். அந்தப் பெண் அடித்தாள்.

அடுத்த வரியில்தான் வண்டி நின்றது. குளிப்பாட்டுதல், பணியாளர் இருவர். யார் அந்த இருவர் என்று கேட்டதற்கு ஓர் ஆண், ஒரு பெண் என்று பதில் வந்தது, தூக்கித் திருப்ப வேண்டுமல்லவா, பெண்கள் மட்டும் போதாது. கோகிலம் கைக்குட்டையை இறுக்கினாள். ஆம்பளையா. அவர் பார்க்கமாட்டார் மேடம், துணி போட்டு மூடித்தான் என்று ஹரிணி ஆரம்பித்ததை அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். இரண்டு பேரும் பெண்களாக இருக்க வேண்டும், எத்தனை கட்டணம் என்றாலும் கட்டுகிறேன். அப்படியும் செய்யலாம், செய்திருக்கிறார்கள். ஆனால் எந்தத் திட்டமாக இருந்தாலும் பெண்ணைக் குளிப்பாட்டும்போது குடும்பத்துப் பெண் ஒருவர் கூட நிற்க வேண்டும், அது கம்பெனி விதி. போன வருஷம் ஒரு வீட்டில் மூக்குத்தியைக் காணோம் என்று பெரிய தகராறாகி, அதிலிருந்து இப்படி. உடனிருக்கும் பெண், பெயர், உறவு, கைபேசி. இறந்த தகவலைச் சொல்ல வேண்டியதும் அந்தப் பெண்தான், சொன்னால்தான் வண்டியே கிளம்பும். இப்போதே அவரைப் போனில் அழைத்து சம்மதம் கேட்டுப் பதிவு செய்துகொள்வார்கள். அந்த இடம் காலியாக இருந்தால் பாரம் செல்லாது, பணமும் வாங்க முடியாது. வேலைக்காரி? ஆகாது மேடம், சொந்தமாக இருக்கணும். பக்கத்து வீடு? அதுவும் ஆகாது. ஆனாலும் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் இவள் கேட்டாயிற்று, போன வாரம் ஒரு தகவலுக்கு மட்டும் பெயர் போட்டுக்கொள்ளட்டுமா என்றுதான் கேட்டாள், அதற்கே அவள் கதவைப் பாதி சாத்திக்கொண்டு பின்னால் போய்விட்டாள். கோகிலத்தின் தங்கை போய் ஆறு வருஷம். தங்கைக்குப் பிள்ளைகள் இல்லை, இவளுக்கும் இல்லை, அந்தக் குடும்பத்துக்கே விதை இல்லை. யோசித்துச் சொல்லுங்க மேடம் என்று ஹரிணி எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். டம்ளரின் விளிம்பில் யாருடைய உதடோ பட்ட தடம் இருந்தது.

எதற்கு ஒருத்தி கூட நிற்க வேண்டும். நிற்காமல் இருக்கத்தானே இத்தனையும். பார்க்க வேண்டியது என்ன இருக்கிறது அங்கே. இருமினால் சொட்டுகிறது, அதற்காக உள்ளே துணி வைத்துக்கொண்டுதான் இங்கேயும் வந்திருக்கிறாள். மார்புக்குக் கீழே வேர்த்து வேர்த்துச் சிவந்து தோல் உரிந்து, எத்தனை பவுடர் போட்டாலும் ஒரு புளித்த மாவு வாடை. முதுகுக்குக் கை எட்டி இரண்டு வருஷம் ஆகிறது, அங்கே என்ன இருக்கிறதென்று அவளுக்கே தெரியாது, கண்ணாடியில் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. அதையெல்லாம் ஒருத்தி பார்ப்பாள். பார்த்தால் பரவாயில்லை, பார்த்துவிட்டுச் சொல்வாள். குளிப்பாட்டுகிற இடத்தில் பொம்பளைகள் என்ன பேசுவார்கள் என்று கோகிலத்துக்குத் தெரியாதா என்ன. யோசிக்கவே கூடாது என்று டம்ளரைத் தள்ளி வைத்தாள், தள்ளி வைத்த கையோடு அது வந்துவிட்டது, பத்தொன்பது வருஷமாக எப்போது கை கழுவினாலும் வருகிறதே, இன்றைக்கு விட்டுவிடுமா. அன்னூரில் புகுந்த வீட்டுப் பின்கட்டு. மாமியார் செத்த காலை. நாலு பழைய புடவையைப் பிடித்து மறைப்புக் கட்டி, உள்ளே ஆறேழு பொம்பளைகள், நடுவில் மரப்பெஞ்சில் மாமியார். எட்டு மாதம் படுக்கையில் கிடந்த உடம்பு. புடவையை உருவினார்கள். மலடி என்ற வார்த்தையைக் காபி டம்ளர் மாதிரி காலையிலும் சாயங்காலமும் இவள் கையில் கொடுத்த மாமியார், சாவிக்கொத்தைக் கடைசி வரை இடுப்பை விட்டு எடுக்காத மாமியார், அங்கே தோலும் மடிப்பும் சீழ் கட்டின முதுகுமாகக் கிடந்தாள். கோகிலம் மூக்கைப் பொத்திக்கொண்டு கை நீட்டுகிற தூரத்தில் நின்று செம்பில் தண்ணீர் ஊற்றினாள், உத்தியோகம் பார்க்கிற பெரிய மருமகள், யாரும் கிட்டே வா என்று கூப்பிடவில்லை. ஊற்றிக்கொண்டே சொன்னாள். "இந்த ஒடம்புக்கா இத்தனை அதிகாரம்."

சிரித்தார்கள். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு, ஒருத்தி மறைப்புப் புடவை நழுவும் அளவுக்கு. இழவு வீட்டில் வருகிற சிரிப்பை அடக்கவே முடியாது, வெளியே ஆண்கள் இருமிக் காட்டினார்கள். கோகிலத்துக்கு அப்போது மனசு குளிர்ந்துபோயிற்று, இருபத்தேழு வருஷத்துக்கும் சேர்த்து ஒரு வாக்கியம். மாமியாரின் கண் பாதி மூடாமல் இருந்தது. அந்தப் பாதிக் கண் இவளைப் பார்த்ததென்று சொல்ல முடியாது, செத்த கண் எதைப் பார்க்கும், ஆனால் இவள் அதைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள். ஊரில் அந்த வாக்கியம் கொஞ்ச நாள் ஓடியது, பெரிய மருமகள் என்ன சொன்னாள் தெரியுமா என்று. இன்றைக்கு அதை நினைத்தால் தன் வாயில்தான் என்னவோ அழுகிக் கிடப்பதுபோல இருக்கிறது, எத்தனை கொப்பளித்தாலும் போகாது. செத்துக்கிடக்கிற ஒருத்தியின் முதுகுப்புண்ணைப் பார்த்துச் சிரிக்கவைத்த வாய். கீழ்வீட்டு மனிதரை எலி என்ற வாய். அந்த வாக்கியத்துக்குச் சொந்தக்காரியாக இருந்துகொண்டு, இன்னொருத்தி என்னைப் பார்த்துவிடக் கூடாது என்று பணம் கட்ட வந்திருக்கிறாள், வெட்கம் இருக்கிறதா. இருக்கிறது. இருந்தாலும் பார்க்கக் கூடாது. எல்லாம் தெரிந்தவளுக்குத்தான் பயம் அதிகம்.

சிரிக்காதவள் ஒருத்தி இருந்தாள். இந்த இடத்துக்கு வரக் கூடாதென்றுதான் மனசு இத்தனை நேரமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. துளசிமணி. கொழுந்தனார் பெண்டாட்டி, இவளுக்கு ஓரகத்தி. அவளைவிட அழுக்கான ஒருத்தியைக் கோகிலம் இந்த ஜென்மத்தில் பார்த்ததில்லை. எந்நேரமும் வாயில் வெற்றிலையும் புகையிலையும், பேசினால் சிவப்பாகத் தெறிக்கும், கடைவாயில் வழிவதைப் புறங்கையால் துடைத்து அதே கையால் முறுக்கு மாவு பிசைவாள். கூடத்தில் உட்கார்ந்து காலாணியைச் சுரண்டுவாள், சுரண்டியதை ஜன்னலுக்கு வெளியே ஊதிவிடுவாள். குழம்பைக் கரண்டியோடு வாயில் வைத்து உறிஞ்சி உப்புப் பார்த்துவிட்டு, கரண்டியைத் திருப்பிச் சட்டிக்குள் போடுவாள். அந்தக் கரண்டிக்காகத்தான் கோகிலம் தனிக்குடித்தனம் கிளம்பினாள், வேறு ஆயிரம் காரணம் சொன்னார்கள், உண்மையில் கரண்டிதான். அந்தத் துளசிமணி அன்றைக்குப் பெஞ்சுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, வெறும் கையால் அந்த முதுகைக் கழுவிக்கொண்டிருந்தாள். புண்ணுக்குள் ஒட்டியிருந்த பஞ்சை நனைத்து நனைத்து, செத்தவளுக்கு வலிக்கப் போகிற மாதிரி மெல்ல எடுத்தாள். தொடையிடுக்கைக் கழுவினாள். எல்லோரும் சிரித்தபோது அவள் தலை நிமிரவில்லை, கொஞ்சம் தண்ணி இந்தப் பக்கம் ஊத்துங்க்கா என்று மட்டும் சொன்னாள். வாய் நிறையப் புகையிலை இருந்திருக்கும், அதனால் சிரிக்க முடிந்திருக்காது என்று கோகிலம் வருஷக்கணக்காகத் தனக்குச் சொல்லிவந்திருக்கிறாள். இருந்தால் எப்படிப் பேசினாள்? ஆனால் அதோடு முடியவில்லையே. எடுத்துப் போனபிறகு துளசிமணி அந்தக் கையை ஒரு செம்புத் தண்ணீரில், சோப்புகூட இல்லாமல் அலசிவிட்டு, யாரோ கொண்டுவந்த இட்லியைப் பிட்டுத் தின்றாள், பசிக்குது என்று நாலு தின்றாள், சாப்பிடுங்க்கா என்று இவளுக்கும் தட்டில் எடுத்து வைத்தாள். அந்த இட்லி வெள்ளையாக இருந்தது. அதில் அவள் விரல் பதிந்த பள்ளம். கோகிலம் தொழுவத்துப் பக்கம் போய் வாந்தி எடுத்தாள், மாமியாருக்காக அழுகிறாள் என்று யாரோ முதுகைத் தடவிவிட்டார்கள்.

அந்தக் கை. செத்தபின் இந்த உடம்பின் மேல் அந்தக் கை. நினைக்கும்போதே தோள்பட்டை சிலிர்த்து ஒடுங்கியது. வேறு யாராவது, யோசி, தண்டபாணியின் அத்தை மகள், அவளுக்கு ஞாபகம் போய்விட்டது, குழந்தை மாதிரி கத்துகிறாளாம். சின்ன மாமனார் வீட்டு மருமகள்கள், அவர்கள் அன்றைக்கு மறைப்புக்குள்ளே இருந்தவர்கள், வாயைப் பொத்திச் சிரித்தவர்கள், முறை மாறாமல் வந்து நின்று சிரிப்பார்கள், இந்த ஒடம்புக்கா அந்தப் பேச்சு என்று சொல்லிச் சிரிப்பார்கள், சொன்னால் என்ன தப்பு. கழுவத் தெரிந்த கை ஒன்று, சிரிக்கத் தெரிந்த வாய் நாலு. போதும், எழுந்து போய்விடலாம். கதவைத் திறந்து வைத்துப் படுத்துக்கொள்ளலாம், காவலாளியின் மூக்குக்காவது எட்டும். எலி என்று நினைப்பான். ஹரிணி மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்து எந்த அவசரமும் காட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள், நல்ல பெண்தான் பாவம், இந்த வயதில் இந்த வேலை. கோகிலம் பேனாவை எடுத்தாள். உறவு என்ற கட்டத்தில் ஓரகத்தி என்று எழுதினாள், பெயரைப் பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று விட்டுவைத்தாள். நம்பரைக் கைபேசியில் தேடி எடுத்துச் சொன்னாள். பொங்கலுக்குப் பொங்கல் ஒரு போன், அதுவும் இரண்டு பொங்கலாக இல்லை.

ஹரிணி ஸ்பீக்கரில் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்காமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்று கோகிலம் வேண்டிக்கொண்டாள், எடுத்தாகிவிட்டது. ஆருங்க பேசறது என்று அந்தக் கரகரப்புக் குரல் அறை முழுக்க வந்தது, குரலிலேயே புகையிலை வாடை அடித்தது. இங்கிருந்து ஹரிணி கம்பெனி பெயரைச் சொல்லி, உரையாடல் பதிவாகிறது என்று ஒப்பித்துவிட்டு, போனை இவள் பக்கம் நகர்த்தினாள். கோகிலம் சுற்றிவளைக்கவில்லை. நான் இன்ன இடத்தில் இருக்கிறேன், என் காரியத்துக்கு முன்கூட்டியே பணம் கட்டுகிறேன், குளிப்பாட்டும்போது குடும்பத்துப் பெண் ஒருத்தி நிற்க வேண்டுமாம், உன் பெயரைப் போடட்டுமா, நீ ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, அவர்களே செய்துகொள்வார்கள், நீ நின்றால் போதும். பத்திரத்தில் ஷரத்து வாசிக்கிற குரலில் சொல்லி முடித்தாள். அய்யய்யோ என்னக்கா இப்படி என்று அழுகை வரும், அதைத் துண்டிப்பது எப்படி என்று யோசித்துக்கொண்டிருந்தாள். அழுகை வரவில்லை. மெல்லுகிற சத்தம் கேட்டது. பிறகு எதிலோ துப்புகிற சத்தம், ஹரிணி சட்டென்று கீழே பார்த்துக்கொண்டாள்.

"செரிங்க்கா. வாரேன், அதுக்கென்ன. அவுங்களுக்கு என்ன தெரியும், நானே பண்ணீர்றேன்."

கல்யாண வீட்டில் காய் நறுக்க வா என்றால் சொல்கிற மாதிரி சொன்னாள். நன்றி என்று சொல்ல வேண்டிய இடம், அந்த வார்த்தையை அவளிடம் எப்படிச் சொல்வது. ஹரிணி தன் பாரத்தில் டிக் அடித்தாள். போனை வைக்கலாம் என்று கோகிலம் கை நீட்டியபோது அந்தப் பக்கத்திலிருந்து மறுபடி குரல் வந்தது, இந்தத் தடவை கொஞ்சம் தயங்கி.

"ஏனுங்க்கா, நான் முந்திப் போயிட்டன்னா, எனக்கு நீங்க வருவீங்களா? எம் மருமக மூக்கப் பொத்திக்கிட்டு எட்டத்துல நிப்பா. அவளச் சொல்லிக் குத்தமில்லீங்க, சின்னப்புள்ள."

மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டத்தில் நிற்பாள். எதற்காக இதைச் சொல்கிறாள், தெரிந்து சொல்கிறாளா தெரியாமல் சொல்கிறாளா, துளசிமணிக்குத் தெரிந்து பேசுகிற வழக்கம் கிடையாது, ஆனால் அன்றைக்கு அவள் தலை நிமிராமலே எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். பதில் சொல்லாமல் இருக்கலாம், லைன் கிடைக்கவில்லை என்று வைத்துவிடலாம், இந்தப் பக்கத்துச் சம்மதம் பதிவாகிவிட்டது, அது போதும். அந்த உடம்பு கண் முன்னால் வந்தது. காவி படிந்த பல், திறந்த வாய், அந்தப் பித்தவெடிப்புக் கால், காலாணி, அக்குள், வேர்வையில் ஊறின ரவிக்கை, எட்டு மாதம் படுத்தால் அதன் முதுகு, அதன் தொடையிடுக்கு, அதில் இவள் கை. வெறும் கை. வனஸ்பதி வாடையும் மல்லிகை சென்ட்டும் ஒன்றாக ஏறி வந்து நெஞ்சை அடைத்தன, அவள் கைப்பிடி துடைத்த கைக்குட்டையையே வாயில் வைத்து அமுக்கிக்கொண்டாள். வாந்தி நாக்கின் அடி வரைக்கும் வந்துவிட்டுப் புளிப்பாகத் திரும்பிப் போனது. ஹரிணி எழுந்திருக்கப் போனாள், கோகிலம் உட்கார் என்று கையைக் காட்டினாள். போனில் மெல்லுகிற சத்தம் நின்றிருந்தது. அந்தக் கிழவி அங்கே வாயை அசைக்காமல் காத்துக்கொண்டிருந்தாள்.

"வாரேன்" என்றாள் கோகிலம்.

"பச்சத்தண்ணிய ஊத்தீராதீங்க்கா. எனக்கு ஆகாது. வெதுவெதுன்னு காயவெச்சு ஊத்துங்க."

"செரி." இன்னொரு தரம் குமட்டிக்கொண்டு வந்தது. விழுங்கிவிட்டுக் கேட்டாள். "தலைக்கு அரப்புத்தூள் வெச்சுத் தேய்க்கட்டுமா?"

போனில் மெல்லுகிற சத்தம் மறுபடி தொடங்கியது.

"அரப்பு வேண்டாமுங்க்கா" என்றாள். "கண்ணெரியும்."